மஞ்சள் கோடு இடும் முன்: பழைய ஆலைக் கட்டடங்கள் குறித்து ஒரு திறந்த மடல்

சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் உறுப்பினர் செயலர் அவர்களுக்கும், தமிழ்நாடு மரபு ஆணையத்தின் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

நான் வடசென்னையின் பட்டாளம் பகுதியில் பிறந்து இன்றும் அங்கேயே வாழ்பவன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கட்டட வரைவாளராக வேலை பார்த்தவன். திட்ட அனுமதிக்கான வரைபடங்களை வரைந்துதான் என் குடும்பத்தைக் காப்பாற்றினேன். என் தந்தையார் பின்னி ஆலையின் நெசவுப் பிரிவில் தறி ஓட்டியவர். ஆகவே இந்த மடலை ஆலைத் தொழிலாளியின் மகனாகவும், உங்கள் அலுவலகங்களுக்கு வந்து சேரும் வரைபடங்களில் சிலவற்றை வரைந்தவனாகவும் எழுதுகிறேன். பழைய ஆலை ஒன்று வேறு பயனுக்கு மாற அனுமதி கேட்டு உங்களிடம் வரும்போது, நிலத்தை மட்டும் பாராமல் அதன் மேல் நிற்கும் கட்டடத்தையும், அதைச் சுற்றி வாழ்கிறவர்களையும் பார்த்த பிறகே முடிவெடுக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

எங்கள் தொழிலில் வண்ணங்களுக்கு ஒரு மரபு உண்டு. புதிதாகக் கட்டப்போவதைச் சிவப்பில் காட்டுவோம். இடிக்கப்போவதை மஞ்சள் சாய்கோடுகளால் நிரப்புவோம். பல ஆண்டுகளுக்கு முன்பு வடசென்னையில் பழைய கிடங்கு ஒன்றை அளக்கப் போயிருந்தேன். சுவர் இரண்டேகால் அடி கனம். உள்ளே இரண்டு வரிசையாக வார்ப்பிரும்புத் தூண்கள். ஒரு தூணின் அடியில் பெயின்ட் பல அடுக்காகப் படிந்திருந்த இடத்தைச் சாவியால் சுரண்டியபோது, வார்ப்பிலேயே புடைத்து நின்ற எழுத்துகள் தெரிந்தன. அந்தத் தூணை வார்த்த பட்டறையின் பெயராக இருக்க வேண்டும். முழுப் பெயரையும் படிக்க நேரமில்லை. இரண்டு நாள் அளந்து, தூணுக்குத் தூண் இடைவெளி, உத்தரங்களின் தடிமன், கூரையின் சாய்வு எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு திரும்பினேன். நான் வேலை பார்த்த இடத்தில், இடிக்கப்போகும் கட்டடத்துக்குச் சுற்றளவு போதும், உள்ளே இருப்பதெல்லாம் எதற்கு என்று கேட்டார்கள். அவர்கள் கேட்டதில் விதிப்படி எந்தத் தவறும் இல்லை. வெளிக்கோட்டை மட்டும் வரைந்து, உள்ளே மஞ்சள் கோடுகளை நிரப்பிக் கொடுத்தேன். சில மாதங்களில் கட்டடம் போயிற்று. அலுவலகம் இடம் மாறியபோது என் அளவுக் குறிப்புகளும் பழைய தாள்களோடு எடைக்குப் போயின. நூறு ஆண்டுக்கும் மேலாக நின்றிருக்கக்கூடிய அந்தக் கட்டடத்துக்கு, எனக்குத் தெரிந்தவரை, இப்போது ஒரு வரைபடம்கூட இல்லை. அதில் என் பங்கும் இருக்கிறது என்பதால்தான் இதை உங்களிடம் சொல்லும் கடமை எனக்கு இருப்பதாக நினைக்கிறேன்.

நிலப் பயன்பாட்டு மாற்றத்துக்காக நாளிதழ்களில் வெளியாகும் அறிவிப்புகளை நான் தொழில் நிமித்தம் தொடர்ந்து படித்து வந்தவன். அவற்றில் கிராமத்தின் பெயர் இருக்கும், புல எண்கள் (சர்வே எண்கள்) வரிசையாக இருக்கும், பரப்பளவு இருக்கும், தொழிற்பகுதியாக உள்ள இடத்தைக் குடியிருப்புப் பகுதியாகவோ வணிகப் பகுதியாகவோ மாற்றக் கோரப்பட்டுள்ளது என்ற வாசகம் இருக்கும், ஆட்சேபணைகளைத் தெரிவிக்கக் காலக்கெடுவும் இருக்கும். அந்தப் புல எண்ணின் மேல் என்ன நிற்கிறது என்பது இருக்காது. தெருவில் நடந்து போகும் ஒருவருக்கு அந்த எண்ணைப் படித்து, இது நம் தெருமுனை ஆலையைத்தான் குறிக்கிறது என்று தெரிந்துகொள்ள வழியில்லை. ஊரே ஆலையின் பெயரால் வழிசொல்லிக்கொண்டிருக்க, அறிவிப்பில் மட்டும் அந்தப் பெயர் வராது. யாரும் ஆட்சேபிக்கவில்லை என்று கோப்பில் எழுதப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எங்கள் பகுதி ஆலையின் கதையை அதன் பயன்களின் கதையாகவே சொல்லிவிடலாம். பக்கிங்காம் ஆலை 1870களில் தோன்றியது. அப்போது சென்னை மாகாண ஆளுநராக இருந்த பக்கிங்காம் கோமகனின் பெயரே அதற்கு இடப்பட்டது. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சத்தில் நிவாரண வேலையாகத் தோண்டப்பட்ட கால்வாய்ப் பகுதியால் நம் கால்வாய்க்கும் அவர் பெயரே நிலைத்தது. அடுத்த பத்தாண்டில் கர்நாடிக் ஆலை எழுந்தது. 1920இல் இரண்டும் ஒரே நிறுவனமாக இணைந்தன. அவற்றை நடத்திய பின்னி நிறுவனத்தின் பெயரால் நாங்கள் இரண்டையும் பின்னி ஆலை என்றே சொல்வோம். பின்னி காக்கி இராணுவத்தின் உடையாயிற்று. உலகப் போர்க் காலங்களில் ஆலை ஓயாமல் அந்தத் துணியை நெய்தது. ஆலைக்கென்று பள்ளிக்கூடம் இருந்தது, தொழிலாளர் குடியிருப்புகள் இருந்தன, மருந்தகம் இருந்தது. சங்கு ஊதினால் அடுப்பில் உலை ஏறும், இன்னொரு முறை ஊதினால் பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்புவார்கள். கடிகாரம் இல்லாத வீடுகளுக்கும் அந்தச் சங்குதான் கடிகாரம். 1996இல் ஆலை இறுதியாக மூடப்பட்டது.

அதற்குப் பிறகு அந்த வளாகம் வேறு பயன்களைக் கண்டது. கொட்டகைகள் சரக்கு வைக்கும் இடங்களாயின. தமிழ்த் திரைப்படங்களின் சண்டைக் காட்சிகளும் பாடல் காட்சிகளும் எத்தனையோ அங்கே படமாக்கப்பட்டன. வில்லனின் மறைவிடம் என்றால் பின்னி மில் என்று ஆகிவிட்ட காலம் ஒன்று இருந்தது. ஒரு நாள் தொலைக்காட்சியில் ஏதோ படம் ஓடிக்கொண்டிருந்தபோது, என் தந்தையார் கதையை விட்டுவிட்டுப் பின்னால் தெரிந்த தூண்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "அது ரெண்டாவது செட் தறி இருந்த எடம்" என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. பின்னர் நிலம் கைமாறி, கட்டடங்களில் பெரும்பகுதி இடிக்கப்பட்டு, அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்தன. நெசவாலை, கிடங்கு, படப்பிடிப்புத் தளம், குடியிருப்பு என்று நான்கு பயன்கள். ஒவ்வொரு மாற்றமும் அடுத்த தெருக்காரர்களான எங்களுக்கு நடந்து முடிந்த பிறகுதான் தெரியவந்தது.

குடியிருப்புகள் எழுந்ததை நான் குறைசொல்லவில்லை. இந்த நகரத்துக்கு வீடுகள் வேண்டும். வடசென்னைக்கும் நல்ல வீடுகள் வேண்டும். அங்கே குடிவந்திருப்பவர்கள் எங்கள் அண்டை வீட்டார். ஆலை மீண்டும் ஓட வேண்டும் என்று கேட்கும் ஏக்கமும் என்னிடம் இல்லை. பஞ்சுத் தூசியும் காது அடைக்கும் இரைச்சலும் நிறைந்த வேலை அது. தறிகளுக்கிடையே ஒருவர் பேசினால் இன்னொருவருக்குக் கேட்காது என்பதால் கையசைவாலும் உதட்டசைவாலும் பேசிப் பழகியவர் என் தந்தையார். ஓய்வு பெற்ற பிறகும் வீட்டுக்குள் கையை ஆட்டித்தான் தண்ணீர் கேட்பார். அந்த வாழ்க்கையை அழகுபடுத்திக் காட்ட எனக்கு மனம் இல்லை. ஒரு பயன் முடிந்து இன்னொரு பயன் தொடங்கும் இடைவேளையில் கட்டடத்தை அளந்து வைப்பதும், அதில் எது நிற்கலாம் என்று ஆராய்வதும், சுற்றி இருப்பவர்களைக் கேட்பதும் யாருடைய பொறுப்பாகவும் இல்லாமல் போனதையே சுட்டிக்காட்டுகிறேன்.

ஒரு கட்டடம் பல பயன்களைத் தாங்கி நிற்க முடியும் என்பதற்குச் சென்னையிலேயே நல்ல சான்று இருக்கிறது. கடற்கரைச் சாலையில் நிற்கும் விவேகானந்தர் இல்லம் 1842இல் அமெரிக்க வணிகர் ஃபிரெடெரிக் டியூடர், கப்பலில் கொண்டுவரும் பனிக்கட்டியைச் சேமித்து வைப்பதற்காகக் கட்டிய கிடங்கு. நாமே இயந்திரத்தால் பனிக்கட்டி செய்யத் தொடங்கியதும் அந்த வணிகம் நின்றது. பிறகு அது பிலிகிரி ஐயங்காரின் இல்லமாயிற்று. 1897இல் சுவாமி விவேகானந்தர் அங்கே தங்கினார். அதன்பின் சகோதரி சுப்புலட்சுமி இளம் கைம்பெண்களுக்கு அங்கே இல்லம் நடத்தினார். இன்று இராமகிருஷ்ண மடத்தின் கண்காட்சி அங்கே நடக்கிறது. இப்போதும் முதியவர்கள் அதை ஐஸ் ஹவுஸ் என்றே சொல்கிறார்கள். அந்த வட்டாரத்துக்கும் அதுவே பெயர். சரக்குக் கிடங்கு ஒன்று கல்விக்கும் அடைக்கலத்துக்கும் இடமாக முடிந்தது, இடையில் யாரும் மஞ்சள் கோடு இடவில்லை என்பதால்தான். அண்மைக் காலத்திலும் எழும்பூரின் பழைய காவல் ஆணையர் அலுவலகம் 2021இல் காவல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. அரசு நினைத்தால் செய்ய முடியும் என்பதற்கு இதற்கு மேல் சான்று வேண்டியதில்லை.

ஆலைக் கட்டடங்கள் இத்தகைய மாற்றத்துக்கு மற்ற பழைய கட்டடங்களைவிட ஏற்றவை என்பதை வரைவாளன் என்ற முறையில் உறுதியாகச் சொல்ல முடியும். பங்களாவுக்குள் அறை அறையாகச் சுவர்கள் குறுக்கே நிற்கும். ஆலைக்குள் தூண்கள் மட்டுமே நிற்கும். தறிகளின் எடையையும் அதிர்வையும் தாங்குவதற்காகத் தளத்தையும் அடித்தளத்தையும் தாராளமாகவே கட்டியிருப்பார்கள். நெசவுக் கொட்டகைகளின் கூரை ரம்பத்தின் பற்களைப் போல வரிசையாக இருக்கும். ஒவ்வொரு பல்லின் செங்குத்தான பக்கத்திலும் கண்ணாடி பதித்து அதை வடக்கு நோக்கி வைப்பார்கள். பெரும்பாலும் வெயில் நேரே விழாமல் வெளிச்சம் மட்டும் சீராக இறங்கும். அறுந்த இழையைக் கண்டுபிடிக்க நிழல் விழாத வெளிச்சம் வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. அதே வெளிச்சம் நூலகத்தில் படிப்பவனுக்கும் தையல் பழகும் பெண்ணுக்கும் அப்படியே பொருந்தும். கொளத்தூரில் 2024இல் திறக்கப்பட்ட முதல்வர் படைப்பகத்தில் பிள்ளைகள் இடம் பிடித்து உட்கார்ந்து போட்டித் தேர்வுகளுக்குப் படிப்பதைப் பார்க்கும்போதெல்லாம், அப்படி ஓர் இடம் ஓட்டேரியில் பழைய நெசவுக் கொட்டகை ஒன்றின் கீழ் அமைந்திருக்கலாமே என்ற எண்ணம் எனக்கு வரும்.

கட்டடக் கலைக்காக மட்டும் இதைக் கேட்கவில்லை. 1918 ஏப்ரல் 27 அன்று பெரம்பூர் வட்டாரத்தில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கப்பட்டது. முறையாக அமைக்கப்பட்ட இந்தியாவின் முதல் தொழிற்சங்கமாக அது கருதப்படுகிறது. பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க. அதன் முன்னணியில் நின்றார். செல்வபதி செட்டியாரும் இராமானுஜுலு நாயுடுவும் அதற்கு வித்திட்டவர்கள். ஆலைத் தொழிலாளர்கள் கூடிச் சமயச் சொற்பொழிவு கேட்ட வெங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபையிலிருந்து அந்தச் சங்கம் முளைத்தது. அன்று அவர்கள் முன்வைத்த குறைகளில் ஒன்று மதிய உணவு நேரம். அரை மணிக்குள் ஆலைக்குள்ளிருந்து வெளியே வந்து, கை கழுவி, சோற்றை விழுங்கி, திரும்பித் தறியடியில் நிற்க வேண்டும். கூடுதலாகப் பத்து நிமிடம் வேண்டும் என்று கேட்டார்கள். சங்கத் தலைவர்கள் மீது ஆலை நிர்வாகம் உயர் நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு, தொழிற்சங்கங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை என்பதை நாட்டுக்கே காட்டியது. அதிலிருந்து எழுந்த கோரிக்கைதான் 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டத்துக்கு வழிவகுத்தது. இன்று இந்தியாவின் எந்த மூலையில் தொழிற்சங்கம் பதிவு செய்யப்பட்டாலும், அதன் வேர் ஒன்று எங்கள் தெருக்களுக்கு நீள்கிறது.

இந்த வரலாற்றில் பெருமையோடு காயமும் இருக்கிறது. 1921இல் மாதக்கணக்கில் நீடித்த வேலைநிறுத்தத்தின்போது, ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினார்கள். வர்க்கமாக ஒன்றுபட்டிருந்தவர்கள் சாதியால் பிளந்தார்கள். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. போலீசின் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அந்த ஆண்டைப் பற்றி எங்கள் பகுதியில் இரண்டு விதமான கதைகள் இரண்டு விதமான வீடுகளில் சொல்லப்பட்டு வந்தன. நினைவிடம் என்று ஒன்று என்றாவது அமையுமானால் இரண்டு கதைகளும் அங்கே இருக்க வேண்டும். தலைவர்களின் படங்களை மாட்டி மாலை போட்டுவிட்டு, எரிந்த குடிசைகளை விட்டுவிடும் நினைவிடம் எங்களுக்கு வேண்டாம். புளியந்தோப்பில் வளர்ந்த என் நண்பர் ஒருவரிடம் இந்த மடலின் முதல் வரைவைக் காட்டியபோது, இந்தப் பத்தி அதில் இல்லை. அவர் படித்து முடித்து, தாளைத் திருப்பித் தந்து, "எங்க ஆயா சொன்னது இதுல எங்க?" என்று கேட்டார். அதன் பிறகே இதை எழுதினேன்.

மற்ற இடங்களில் என்ன செய்தார்கள் என்பதில் எனக்குப் பயனுள்ளவையாகத் தோன்றிய சிலவற்றைச் சொல்கிறேன். ஜப்பானின் தொமியோக்கா பட்டாலையை 1872இல் அந்நாட்டு அரசு நிறுவியது. பின்னர் தனியார் கைக்குப் போய், 1987இல் உற்பத்தி நின்றது. உரிமையாளரான கதாகுரா நிறுவனம் அதை விற்கவும் இல்லை, இடிக்கவும் இல்லை. 2005இல் நகர நிர்வாகத்திடம் ஒப்படைக்கும் வரை பதினெட்டு ஆண்டுகள் தன் செலவில் பராமரித்தது. 2014இல் அது உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. மூடப்பட்டதற்கும் புதிய பயன் கிடைத்ததற்கும் இடையே உள்ள அந்தப் பதினெட்டு ஆண்டுகளே எனக்கு முக்கியமாகப் படுகின்றன. நம் ஊரில் கூரை ஓட்டைச் சரிசெய்யாமல் இரண்டு மழைக்காலம் விட்டுவிட்டு, பிறகு பாழடைந்த கட்டடம் என்று சான்று வாங்குவதே வழக்கமாகிவிட்டது. அமெரிக்காவின் லோவெல் நகரில் 1978இல் பழைய பஞ்சாலைகளையும் கால்வாய்களையும் சேர்த்து தேசிய வரலாற்றுப் பூங்காவாக அறிவித்தார்கள். அங்குள்ள பூட் ஆலையில் பழைய தறிகளை இன்றும் ஓட்டிக் காட்டுகிறார்கள். பார்வையாளர்களுக்குக் காதில் வைத்துக்கொள்ள அடைப்பான் கொடுத்தே உள்ளே விடுகிறார்கள். என் தந்தையாரின் கையசைவுகளுக்குக் காரணம் என்ன என்பதை என் பேரப்பிள்ளைகள் அப்படி ஓர் அறைக்குள் ஐந்து நிமிடம் நின்றால் புரிந்துகொள்வார்கள்.

மும்பையின் அனுபவம் நமக்கு எச்சரிக்கை. 1991ஆம் ஆண்டின் வளர்ச்சிக் கட்டுப்பாட்டு விதி 58, ஆலை நிலங்கள் வேறு பயனுக்கு மாறும்போது ஒரு பங்கு பொதுத் திறந்தவெளிக்கும், ஒரு பங்கு பொது வீட்டுவசதிக்கும், எஞ்சியது உரிமையாளருக்கும் என்று ஏறத்தாழ மூன்றாகப் பிரித்தது. 2001இல் அந்த விதி திருத்தப்பட்டு, பங்கீடு ஆலை வளாகத்தில் ஏற்கெனவே காலியாக இருந்த நிலத்துக்கு மட்டுமே என்று சுருங்கியது. கட்டடங்கள் நின்ற நிலம் பங்கீட்டிலிருந்து விலகியது. ஊருக்குக் கிடைக்க வேண்டியதும் அதற்கேற்பக் குறைந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2006இல் திருத்தமே நிலைத்தது. விதியின் வாசகத்தில் ஒரு சொல் எங்கே நிற்கிறது என்பது ஒரு நகரத்தின் பூங்காக்களையே தீர்மானித்துவிடும் என்பதை வரைவுகளோடு வாழ்ந்தவனாக நான் அறிவேன். அதனால்தான், நகரின் நிலப் பயன்பாட்டை வகுக்கும் மூன்றாம் முழுமைத் திட்டத்தை (மாஸ்டர் பிளான்) நீங்கள் தயாரித்துவரும் இந்த வேளையில் இதை எழுதுகிறேன். 2008இல் நடைமுறைக்கு வந்த இரண்டாம் முழுமைத் திட்டம் 2026ஆம் ஆண்டு வரைக்குமானது. அடுத்த இருபது ஆண்டுகளுக்கு எழுதப்போகும் வாசகத்தில் பழைய தொழிற்கூடங்களுக்கு ஓர் இடம் இப்போது கிடைக்காவிட்டால், அதற்கு அடுத்த திட்டத்தில் இடம் கொடுக்க ஆலைகள் மிஞ்சியிருக்காது.

ஆகவே வளர்ச்சிக் குழுமத்திடம் நான் முதலில் கேட்பது, தொழிற்பகுதியை வேறு பகுதியாக மாற்றக் கோரும் எந்த விண்ணப்பத்திலும், ஐம்பது ஆண்டுக்கு மேற்பட்ட கட்டடம் இருந்தால் அதன் முழுமையான அளவு வரைபடமும் புகைப்படங்களும் இணைக்கப்பட வேண்டும் என்பதை. தரைத்தளம், குறுக்குவெட்டு, கூரை, தூண் விவரம், இயந்திர அடித்தளம் இவ்வளவும் இருந்தால் போதும். எங்களைப் போன்ற வரைவாளர்களுக்கு இது சில நாள் வேலை. பல கோடி ரூபாய்த் திட்டத்தில் அதன் செலவு கணக்கில்கூடத் தெரியாது. அந்த வரைபடங்கள் குழுமத்தின் நூலகத்தில் பொதுமக்கள் பார்க்கும்படி வைக்கப்பட வேண்டும். பழைய ஆலை வரைபடம் ஒன்றைத் தேடி ஓர் அலுவலகத்துக்கு நான் மூன்று முறை நடந்தபோது, பழைய கோப்புகள் கழிக்கப்பட்டுவிட்டன என்ற பதில் மட்டுமே கிடைத்தது. அங்கிருந்த ஊழியர் என்மேல் இரக்கப்பட்டு உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். அவர் கையில் வேறு எதுவும் இல்லை.

நாளிதழ் அறிவிப்பில் புல எண்ணோடு, அந்த இடம் மக்களிடம் எந்தப் பெயரில் வழங்குகிறதோ அந்தப் பெயரும், அதன் மேல் நிற்கும் கட்டடத்தின் வகையும் ஏறத்தாழ வயதும் அச்சிடப்பட வேண்டும். அதே அறிவிப்பு ஆலையின் வாயிலிலேயே தமிழில், கண்ணில் படும் அளவில் ஒட்டப்பட வேண்டும். இதற்கு ஒரு வரி ஆணை போதும்.

திறந்தவெளி ஒதுக்கீடு பற்றி ஒரு சொல். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைகளில் 10 விழுக்காடு நிலத்தைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் மூலம் ஒப்படைக்க வேண்டும் என்பது ஏற்கெனவே உள்ள விதி. ஓ.எஸ்.ஆர். நிலம் என்று நாங்கள் சொல்வது அதைத்தான். பெரும்பாலும் மனையின் மூலையில், வேறெதற்கும் உதவாத வடிவத்தில் அது ஒதுக்கப்படுவதை நான் பல வரைபடங்களில் கண்டிருக்கிறேன். ஆலை வளாகங்களில் மட்டுமாவது, அந்த நிலம் வாயிலையோ புகைபோக்கியையோ நல்ல நிலையில் உள்ள ஒரு கொட்டகையையோ உள்ளடக்கி அமைய வேண்டும் என்று நிபந்தனை விதியுங்கள். கட்டடத்தைக் காப்பாற்றும் உரிமையாளருக்கு அதற்கு ஈடாகக் கூடுதல் தளப்பரப்பு அளிப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. காப்பாற்றுவது நட்டம் என்று அவர் கணக்குப் போடும் நிலை இருக்கும்வரை, எந்த அறிவுரையும் அவரிடம் எடுபடாது.

மரபு ஆணையத்தாருக்கு என் வேண்டுகோள் வேறு. 2012இல் இயற்றப்பட்ட உங்கள் சட்டம் நடைமுறைக்கு வரப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் இந்த நகரம் இழந்தவை போதும். கோட்டை, கோயில், மாளிகை, நீதிமன்றம் என்று பட்டியல் போடும் பழக்கத்தில் ஆலையும் அச்சகமும் தோல் பதனிடும் கூடமும் உப்புக் கிடங்கும் விடுபட்டுப் போகின்றன. தொழிற்கூடங்களுக்கெனத் தனிப்பிரிவு ஒன்றை ஏற்படுத்துங்கள். ஆலைகளில் வேலை பார்த்தவர்கள் எண்பதைத் தாண்டிக்கொண்டிருக்கிறார்கள்; அவர்களின் வாய்மொழியை ஒலிப்பதிவு செய்யும் வேலையை இந்த ஆண்டே தொடங்குங்கள். கட்டடம்கூட இன்னும் சில ஆண்டு காத்திருக்கும். எங்கள் தெருவில் சென்ற மழைக்காலத்துக்குப் பிறகு மட்டும் மூன்று பேர் காலமாகிவிட்டார்கள். அவர்களில் ஒருவர், தறியில் நீளவாட்டில் செல்லும் பாவு நூலுக்குக் கஞ்சி போடும் பிரிவில் இருந்தவர். எந்தப் பதத்தில் கஞ்சி இறக்க வேண்டும் என்பதை விரலிடுக்கில் தேய்த்தே சொல்வார். அதை யாரும் எழுதி வைக்கவில்லை.

மாற்றப்படும் ஆலை எந்தப் பயனுக்கு மாற வேண்டும் என்பதிலும் எனக்கு ஒரு கருத்து உண்டு. பழைய சக்கரம் ஒன்றைச் சுவரில் மாட்டிவிட்டு, முன்பு உள்ளே வேலை பார்த்தவனின் பிள்ளை நுழையத் தயங்கும் விலையில் காபி விற்கும் இடமாக அது மாறுவதை நான் பாதுகாப்பு என்று ஏற்க மாட்டேன். வணிகம் இருக்கட்டும், அதன் வருவாயில்தான் கூரையும் சுவரும் நிற்கும். ஆனால் ஒரு பகுதியாவது சீட்டு வாங்காமல் நுழையக்கூடியதாக இருக்க வேண்டும். படிக்கும் இடம், தொழிற்பயிற்சிக் கூடம், மகளிர் சுயஉதவிக் குழுக்களின் தையல் கூடம், மாலையில் பாக்சிங்கும் கேரமும் நடக்கும் இடம் என எதுவாகவும் இருக்கலாம். எங்கள் பகுதிப் பிள்ளைகள் இந்த இரண்டு விளையாட்டிலும் பெயர் எடுத்தவர்கள் என்பது உங்களுக்குத் தெரியும். வடசென்னை வளர்ச்சித் திட்டத்தின் கீழ் புதிய கட்டடங்கள் பலவற்றை நீங்கள் கட்டிவருகிறீர்கள். அவற்றில் ஒன்றையாவது, இன்னும் நின்றுகொண்டிருக்கும் ஏதேனும் பழைய தொழிற்கூடத்துக்குள் அமைத்துப் பாருங்கள்.

இவற்றில் எதையும் நேரில் விளக்க வேண்டுமானால் வரத் தயாராக இருக்கிறேன். என் கண் இன்னும் நன்றாக இருக்கிறது, அளவு நாடாவும் இருக்கிறது. பழைய கட்டடங்களை அளந்து வரையும் பணியை நீங்கள் தொடங்கினால், ஓய்வு பெற்ற வரைவாளர்கள் நான்கைந்து பேர் ஊதியம் இல்லாமல் உடன் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

என்னிடம் ஒரு நெசவு நாடாவும் இருக்கிறது; தறியில் குறுக்கே ஓடி ஊடைநூலைக் கொண்டுசெல்லும் கருவி அது. கருத்த மரம், இரு முனையிலும் இரும்புக் கூர், பக்கவாட்டில் ஊடைநூல் வெளியே வரும் சிறு துளை. அந்தத் துளையில் வாயை வைத்து உறிஞ்சித்தான் நூலை இழுப்போம் என்று என் தந்தையார் சொல்வார். துளையைச் சுற்றி மரம் வழவழவென்று தேய்ந்திருக்கிறது. அதை வைக்க ஓர் அறை அமைந்தால், முதல் பொருளாகக் கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
பின்னி ஆலை நெசவாளி ஒருவரின் மகன்,
ஓய்வு பெற்ற கட்டட வரைவாளர்,
பட்டாளம், சென்னை